ஒரு கல்லுக்காக

ஸ்கோன் கல் என்பது 152 கிலோ எடையுள்ள மணற்கல். பார்த்தால் துணி துவைக்கிற கல் மாதிரிதான் இருக்கும். ஆனால் ஸ்காட்லாந்து மன்னர்கள் அதன் மேல்தான் முடிசூடினார்கள். 1296இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் ஸ்கோன் மடத்திலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போய், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் முடிசூட்டு நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1950 கிறிஸ்துமஸ் அதிகாலையில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்த நான்கு மாணவர்கள், அதில் ஒரு பெண்ணும் உண்டு, அபேக்குள் புகுந்து கல்லை இழுத்தார்கள். அது இரண்டாக உடைந்துவிட்டது! விடவில்லை. இரண்டு துண்டுகளையும் எப்படியோ ஊர் சேர்த்து, ஒட்டவைத்து, 1951 ஏப்ரலில் ஆர்ப்ரோத் மடத்தில் வைத்தார்கள். 1320இல் ஸ்காட்லாந்தின் சுதந்திரப் பிரகடனம் எழுந்த இடம் அது. இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது அவர்களின் குறும்பு.

போலீஸ் கல்லை மறுபடி லண்டனுக்கே கொண்டுபோனது. மாணவர்கள் மேல் வழக்கு எதுவும் போடவில்லை. 1996இல்தான் முறைப்படி திரும்பி வந்தது, 700 வருஷம் கழித்து. இப்போது ஸ்காட்லாந்தின் பெர்த் அருங்காட்சியகத்தில், ஸ்கோனுக்குக் கூப்பிடு தூரத்தில்.