நான்கு மழைப் படங்கள், ஒரே பக்கம்

நேற்றிரவு சிங்கப்பூர் பிடோக் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாங்கி, கிளமெண்டி, அங் மோ கியோ, துவாஸ் மழையளவுகளை ஒரே படமாக அடுக்கினேன். முதலில் நான்குக்கும் தனித்தனி ஒய் அச்சு, அதாவது செங்குத்து அளவுகோல். டிசம்பர் மழை எல்லா இடத்திலும் ஒரே உயரமாகத் தெரிந்தது. அது பொய்த் தோற்றம். மேட்பிளாட்லிப் என்ற வரைபட நிரலில் அச்சைப் பொதுவாக்கியதும்தான் உண்மையான ஏற்றத்தாழ்வு வெளியே வந்தது. எண்கள் இடப்பக்கம் மட்டும், மாதப் பெயர்கள் கீழ்வரிசையில் மட்டும். நிறக்குறிப்புப் பெட்டியை எடுத்துவிட்டு, ஊர்ப்பெயரை அந்தந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுதினேன்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களுக்கு நீலம், மற்றவற்றுக்கு ஆரஞ்சு. சிவப்பும் பச்சையும் என் தம்பி கண்ணுக்கு ஒன்றுதான்.

கடைசியில் 183 மில்லிமீட்டர் அகலத்தில் அச்சடித்து அம்மாவிடம் நீட்டினேன். 6 புள்ளி அளவு எழுத்தைப் படிக்கச் சிரமப்பட்டார். 8 ஆக்கிவிட்டேன்.