பிரியாவிடை சிம்பொனி: கட்டுரைக் குறிப்புகள்

மார்ச் 4

கட்டுரைக்கு இசையமைப்பாளர் ஹைடனின் 45ஆம் சிம்பொனியை (வாத்தியக் குழு முழுவதும் வாசிக்கும், பல பகுதிகள் கொண்ட படைப்பு) எடுத்துக்கொண்டேன். ‘பிரியாவிடை’ என்றால் எல்லோருக்கும் தெரியும். 1772ஆம் ஆண்டு. இளவரசர் நிக்கோலஸ் எஸ்டர்ஹாஸி தன் கோடை மாளிகையான எஸ்டர்ஹாஸாவை விட்டுக் கிளம்பாமல் நாளைக் கடத்துகிறார். அவரிடம் வேலை பார்க்கும் இசைக்கலைஞர்களின் மனைவி மக்கள் ஐசென்ஸ்டாட் ஊரில் காத்திருக்கிறார்கள். ஹைடன் ஒரு சிம்பொனி எழுதுகிறார். அதன் முடிவில் கலைஞர்கள் ஒவ்வொருவராக மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். இளவரசருக்குப் புரிந்துவிடுகிறது, ஊர் திரும்ப உத்தரவு போடுகிறார்.

கச்சேரிக் குறிப்புகள் பெரும்பாலும் இந்தக் கதையோடு நின்றுவிடுகின்றன. அந்த முடிவுக்கு முன்னால் இருக்கும் இசையைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

மார்ச் 7

ஸ்கோரை, அதாவது இசையை எழுதிவைத்த பிரதியைத் திறந்ததுமே கீ (ஆதார சுரமும் அதற்கான சுர வரிசையும்) கண்ணில் படுகிறது: எஃப் ஷார்ப் மைனர். மைனர் என்றால் சோகச் சாயல் உள்ள வரிசை, மேஜர் என்றால் தெளிச்சியானது. அந்தக் காலத்துச் சிம்பொனிக்காரர்கள் கிட்டத்தட்ட தொடாத கீ இது. அன்றைய ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியில் சுரம் மாற்றும் வால்வு கிடையாது. குழாயின் நீளத்துக்கு ஏற்ற சுரங்கள்தான் வரும். கீ மாறினால் வேறு வளைகுழாயைச் செருக வேண்டும். இந்தக் கீக்கு ஏற்ற குழாய் கைவசம் இல்லாததால், 1772 அக்டோபரில் அரைச் சுரம் மாற்றும் துண்டுகளைத் தனியாகச் செய்து வாங்கியிருக்கிறார்கள். சும்மா ஒரு வேடிக்கைக்காக இவ்வளவு மெனக்கெடுவார்களா?

மார்ச் 8

முதல் மூவ்மென்ட், அதாவது சிம்பொனியின் முதல் பகுதி. ஆரம்பத்திலிருந்தே கொந்தளிப்பு. மெட்டுகளை மாற்றி விரிக்கும் டெவலப்மென்ட் பகுதியின் நடுவே, கொஞ்சம் நின்று, டி மேஜரில் மென்மையான புது மெட்டு ஒன்று வருகிறது. அதற்கு முன் அது எங்கும் இல்லை, பின்னாலும் திரும்புவதில்லை. வீட்டு நினைப்பு வந்து போவதுபோல எனக்குக் கேட்டது. அதற்கு ஸ்கோரில் சான்று இல்லை, அதனால் என் கருத்து என்று சொல்லியே கட்டுரையில் எழுதுவேன்.

மார்ச் 12

கடைசி மூவ்மென்ட் எஃப் ஷார்ப் மைனரில் வேகமாக ஓடி, முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் அந்தரத்தில் நிற்கிறது. அப்புறம் ஏ மேஜரில் மெதுவான அடாஜியோ. முதலில் போகிறவர்கள் முதல் ஓபோவும் இரண்டாம் ஹார்னும். பிறகு பசூன் (ஓபோவும் பசூனும் மர ஊதுகருவிகள்). இரண்டாம் ஓபோவும் முதல் ஹார்னும் ஆளுக்கொரு சிறு தனி வாசிப்புக்குப் பின் கிளம்புகிறார்கள். டபுள் பாஸ் என்ற பெரிய தந்திக் கருவி தனியாக ஒரு நீண்ட பகுதியை வாசித்து, ஏ மேஜரிலிருந்து இசையை எஃப் ஷார்ப் மேஜரை நோக்கித் திருப்பிவிட்டுத்தான் போகிறது. பிறகு செல்லோ, மற்ற வயலின்கள், வயோலா. மிஞ்சுவது ஓசையைத் தணிக்கும் ம்யூட் போட்ட இரண்டு வயலின்கள். முதல் மூவ்மென்டின் மைனர் இங்கேதான் மேஜராகித் தணிகிறது.

மார்ச் 15

இன்று படித்ததில் கட்டுரையின் வடிவமே மாறிவிட்டது. 1772 ஜனவரியிலேயே, கலைஞர்களின் மனைவி மக்கள் எஸ்டர்ஹாஸாவுக்கு வரக்கூடாது என்று இளவரசர் உத்தரவிட்டிருக்கிறார். சிலருக்கு மட்டும் விலக்கு. அந்தச் சிலரில் ஹைடனும் உண்டு, முதல் வயலின் கலைஞர் லூயிஜி தொமாசினியும் உண்டு.

கடைசிவரை மேடையில் இருந்து வாசித்தவர்கள் என்று சொல்லப்படுவதும் இதே இருவர்தான்! அந்தத் தடை அவர்களைத் தொடவில்லை. மற்றவர்களுக்காகத்தான் ஹைடன் இவ்வளவையும் எழுதினார். இளவரசரிடம் சம்பளம் வாங்கும் ஒருவர், அவர் முகத்துக்கு நேராகவே இதைக் கேட்டிருக்கிறார். ஹைடன் மீது எனக்கு இருந்த மரியாதை இன்று பல மடங்காகிவிட்டது.

மார்ச் 16

சரி, கட்டுரையை அந்த ஜனவரி உத்தரவிலிருந்தே தொடங்குகிறேன். மெழுகுவத்திக் கதைக்கு ஒரு பத்தி போதும். ஹார்ன் துண்டுகளுக்கும் டபுள் பாஸின் அந்தப் பகுதிக்கும் தலா ஒரு பக்கம்.