ஏ320 ஆட்-ஆனைச் சோதிக்க ஈப்போ ஓடுபாதை போதும்

சுங்கை சிப்புட் பக்கம் தாமான் வீடுகளில் ஃபிளைட் சிமுலேட்டர் வைத்திருக்கும் தம்பிகள் ஏர்பஸ் ஏ320 ஆட்-ஆன் (சிமுலேட்டரில் தனியாகச் சேர்க்கும் விமான மாடல்) வாங்கும்போது முதலில் பார்ப்பது காக்பிட் படங்களை. தேய்ந்த பெயிண்ட், ஏர் ஏசியா சிவப்பு, ஜன்னலில் மழைத்துளி. எல்லாம் அழகுதான். ஆனால் இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து இறக்கிய பிறகு பல கடைகளில் காசு திரும்பாது. எடை கூடினால் விமானம் எப்படி மாறுகிறது, வேகத்தை எப்படி இழக்கிறது என்பதில்தான் அந்தக் காசின் மதிப்பு இருக்கிறது. இவற்றைக் கையில் ஒரு ஸ்டாப்வாட்சோடு அளந்துவிடலாம்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு ஃபிளைபைவயரின் ஏ32என்எக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. அதை முதலில் பறந்து பழகுங்கள். அது லீப் எஞ்சின் பொருத்திய நியோ, அதாவது ஏ320-இன் புதிய வகை. நீங்கள் வாங்கப்போவது சிஎஃப்எம்56 பொருத்திய பழைய வகை என்றால் எஞ்சின் எண்கள் ஒத்துப்போகாது, பறக்கும் விதம் ஒத்துப்போகும். ஃபிரேம் ரேட்டை (வினாடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) ஒப்பிடும்போது ஒரே விமான நிலையம், ஒரே நேரம், ஒரே வானிலை வைத்துக்கொள்ளுங்கள். கணினி சூடேறிய பிறகு அளப்பது முக்கியம். தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெயிலில் கிராஃபிக்ஸ் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிட எண்ணை நம்பி அமைப்புகளை உயர்த்தினால், இறங்கும் நேரத்தில் படம் திக்கும்.

அடுத்தது எஞ்சின் ஸ்டார்ட். சிஎஃப்எம்56-இல் மாஸ்டர் சுவிட்சைப் போட்டதும் முதலில் காற்று மட்டுமே சுழற்றும். என்2 (எஞ்சினின் உள் சுழலியின் வேகம்) 16% வந்ததும் பற்றவைப்பு, 22% வந்ததும் எரிபொருள், 50% தாண்டியதும் ஸ்டார்ட் வால்வு மூடும். அரைகுறை மாடலில் சுவிட்சைத் தொட்டவுடனே எரிபொருள் எண்ணும் ஏறத் தொடங்கிவிடும். ஓய்வு நிலையில் என்1 (எஞ்சினின் முன்விசிறியின் வேகம்) சுமார் 20%, என்2 சுமார் 60%, வெளியேறும் வாயு வெப்பம் சுமார் 400 டிகிரி, எரிபொருள் மணிக்குச் சுமார் 300 கிலோ. இவை கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பநிலைக்கான எண்கள். வானிலை அமைப்பில் வெப்பத்தை 33 டிகிரி ஆக்கி மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வாயு வெப்பம் கூட வேண்டும். இரண்டு முறையும் ஒரே எண் வந்தால் அது எழுதி ஒட்டிய எண், கணக்கிட்டது அல்ல.

எடையைச் சோதிக்க கிரீன் டாட் வேகம் இருக்கிறது. இறக்கைத் தகடுகளை இறக்காமல் மிகக் குறைந்த இழுவையில் பறக்கும் வேகம் அது, திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். 20,000 அடிக்குக் கீழே, டன்னில் உள்ள எடையை இரண்டால் பெருக்கி 85 கூட்டினால் அந்த வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வந்துவிடும். 60 டன்னுக்கு 205. 55 டன்னுக்கு 195. எரிபொருளை மாற்றி மாற்றி ஏற்றிப் பாருங்கள். திரையில் பச்சைப் புள்ளி நகராவிட்டால் அந்த மாடலை அங்கேயே விட்டுவிடலாம்.

என்னைக் கேட்டால் மாடலின் தரம் தெரிவது இறங்கும்போதுதான். ஃபிளாப் (இறக்கைத் தகடு) போடாமல், த்ரஸ்ட் ஐடிலில் (எஞ்சின் ஓய்வு நிலையில்) சமமாகப் பறந்தால் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 10 நாட் குறையும். அதே நிலையில் 3 டிகிரி சரிவில் இறங்கினால் வேகம் குறையவே குறையாது. ஃபிளாப்பும் கியரும் (சக்கரங்களும்) இல்லாமல் சரிவில் சட்டென்று வேகம் குறையும் மாடல் பழகுநருக்கு இதமாக இருக்கும், ஆனால் தவறான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும்.

பிரேக் சோதனைக்கு ஈப்போ போதும், வேறு இடம் தேட வேண்டாம். கோலாலம்பூரின் கேஎல்ஐஏ ஓடுபாதைகள் 4,000 மீட்டரை ஒட்டியவை. அங்கே எந்தக் குறையும் மறைந்துவிடும். ஈப்போவில் ஏறக்குறைய 2,000 மீட்டர்தான். 58 டன் எடையில் இறங்குங்கள். ஆட்டோபிரேக் (தானாகப் பிடிக்கும் பிரேக்) மீடியம் என்பது வினாடிக்கு வினாடி 3 மீட்டர் வேகக் குறைப்பு, லோ என்பது 1.7. பிரேக் பிடித்த பிறகு 130 நாட் வேகத்திலிருந்து 70-க்கு வர மீடியத்தில் சுமார் 10 வினாடி, லோவில் சுமார் 18 வினாடி ஆக வேண்டும். பிறகு ரிவர்ஸ் (எஞ்சின் விசையை முன்னோக்கித் திருப்பி வேகம் குறைப்பது) இல்லாமல் ஒருமுறை இறங்குங்கள். அதே நேரம்தான் ஆக வேண்டும், ஏனென்றால் ஆட்டோபிரேக் குறிவைப்பது வேகக் குறைப்பின் அளவை. ரிவர்ஸ் செய்த வேலையைப் பிரேக் செய்வதால் பிரேக் வெப்பம் மட்டும் கூடும். 300 டிகிரி தாண்டினால் பிரேக் சூடு என்ற எச்சரிக்கை வர வேண்டும். இந்த ஒரு சோதனையில் தேறும் மாடலைச் செய்தவர்கள் உள்ளே வேலை செய்திருக்கிறார்கள் என்று நம்பலாம்.

தரையைத் தொடும் முன் 30 அடியில் விமானத்தின் கணினி மூக்கை மெல்லக் கீழே தள்ளும். விமானி சைட்ஸ்டிக்கை இழுத்துப் பிடிக்க வேண்டும். கையை எடுத்தாலும் மிதந்துகொண்டே போனால் அந்த நிரல் அங்கே இல்லை. இதைச் சோதிக்கும் முன் ஜாய்ஸ்டிக்கின் நடு இடைவெளியை (அசைத்தாலும் பதில் வராத நடுப் பகுதியை) சரிபாருங்கள். பழைய ஜாய்ஸ்டிக் தளர்ந்திருந்தால் பழி மாடல் மேல் விழும்.

கடைசியாக, 5,000 அடியில் இரண்டு ஜெனரேட்டரையும் அணையுங்கள். விமானத்தின் அவசரக் காற்றாடி தானாக வெளியே இறங்கி அவசர ஜெனரேட்டரைச் சுழற்ற வேண்டும், வலது பக்கத் திரைகள் இருள வேண்டும், முதன்மைத் திரையில் பச்சைக் குறிகள் மறைந்து மஞ்சள் பெருக்கல் குறிகள் வர வேண்டும். அதே நிலையில் கியரை இறக்கினால், டிரிம்மை (மூக்கின் ஏற்ற இறக்கச் சமநிலையை) கையால் திருப்பச் சொல்லும் வாசகம் திரையில் தெரிய வேண்டும்.