வெற்றுச் சுவர்: ஓர் ஓவிய மாணவியின் நாட்குறிப்பு

பிப்ரவரி 6

பொருள் தேடுவதற்கு முன் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும் என்பது பேராசிரியை இந்தப் பருவத்துக்கு விதித்திருக்கும் ஒரே நிபந்தனை. டச்சு ஓவியர் யோஹன்னஸ் வெர்மீர் 1657–59 வாக்கில் தீட்டிய, திறந்த ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண்ணின் ஓவியத்தை எடுத்துக்கொண்டேன். நூலகத்தில் கிடைத்த பழைய நூலொன்றில் அது முழுப்பக்கத்துக்கு அச்சாகியிருக்கிறது.

இடப்புறம் ஜன்னல் திறந்திருக்கிறது. அதன் கண்ணாடியில் அவளுடைய முகம் மங்கலாகத் தெரிகிறது. முன்னால் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் கம்பளத்தின் மேல் ஒரு தட்டு சாய்ந்து, பழங்கள் சரிந்திருக்கின்றன. அவற்றில் ஒரு பீச் பழம் பிளந்து கொட்டை தெரிகிறது. வலப்புறத்துப் பச்சைத் திரைச்சீலை அந்த அறைக்குரியதாக இல்லாமல், ஓவியத்துக்கு முன்னால் நம் பக்கத்தில் தொங்குவதுபோல் இருக்கிறது. அவளுக்குப் பின்னால் வெறும் சுவர்.

பிப்ரவரி 9

நிபந்தனையை மீறிவிட்டேன். நான்கு பக்கக் கட்டுரையில் மூன்று பக்கங்கள் அந்தச் சுவரைப் பற்றியவை. கடிதத்தில் இருப்பது இன்னதென்று நமக்குச் சொல்லாத ஓவியர், அதைப் படிப்பவளின் தனிமையைச் சுவரின் வெறுமையாகத் தீட்டிவிட்டார் என்றும், அவள் தலைக்கு மேல் அத்தனை இடத்தைக் காலியாக விட்டது வேண்டுமென்றே செய்தது என்றும் எழுதினேன். எழுதும்போது கை நிற்கவே இல்லை. இரண்டு வாரங்களாகப் பதில் வராத ஒரு மின்னஞ்சலுக்காக நானும் காத்திருக்கிறேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். கட்டுரையில் அதைக் குறிப்பிடவில்லை.

பிப்ரவரி 15

கட்டுரை திரும்பி வந்தது. மதிப்பெண் இல்லை, ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி: “எந்த ஆண்டில் அச்சான படம்?”

தேடிப் பார்த்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சுவர் ஒருபோதும் வெற்றுச் சுவராகத் தீட்டப்படவில்லை. அதில் சட்டமிட்ட பெரிய ஓவியமொன்று மாட்டியிருக்கிறது. கையில் வில்லுடன் நிற்கும் காதல் தேவன் க்யூபிட், தரையில் கிடக்கும் முகமூடியை மிதித்துக்கொண்டிருக்கிறான். 1979-இல் எக்ஸ் கதிர்ப் படத்தில் அவன் தென்பட்டபோது, வெர்மீரே மனம் மாறி அவனை அழித்திருப்பார் என்று கருதியிருக்கிறார்கள். பிற்பாடு ஆய்வகத்தில் சோதித்தபோதுதான், க்யூபிட்டின் மேலிருந்த பழைய வார்னிஷுக்கும் அவனை மறைத்த வண்ணத்துக்கும் இடையில் அழுக்குப் படலம் ஒன்று படிந்திருப்பது தெரிந்திருக்கிறது. அழுக்குப் படியும் அளவுக்குக் காலம் கடந்த பிறகு, வெர்மீர் 1675-இல் இறந்ததற்கும் பின்னால், வேறு யாரோ பூசிய வண்ணம் அது. ஓவியத்தை வைத்திருக்கும் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் அருங்காட்சியகத்தின் வல்லுநர்கள் நுண்ணோக்கியின் கீழ் அறுவைக் கத்தியால் அதைச் சுரண்டி எடுத்து, 2021-இல் ஓவியத்தை மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். நூலகத்து நூல் அதற்கு வெகுகாலம் முந்தையது.

பிப்ரவரி 16

நேற்றிரவு முழுவதும் வெட்கமாக இருந்தது. இன்று அது ஓரளவு எரிச்சலாக மாறியிருக்கிறது. நான் கண்ட தனிமை பொய்யா? சுவரை மூடிய அந்தப் பெயர் தெரியாதவரின் தூரிகை உண்டாக்கிய தனிமையை நான் பார்த்தது உண்மைதான். அதை வெர்மீரின் நோக்கம் என்று எழுதியதுதான் பிழை. “ஓவியர் வேண்டுமென்றே” என்று தொடங்கிய ஐந்து வாக்கியங்களை எண்ணி அடித்தேன். அவற்றை நீக்கிய பிறகு கட்டுரையில் எஞ்சியது ஜன்னல் கண்ணாடியில் தெரியும் முகம் மட்டுமே, அதுவும் நான் இரண்டே வரியில் கடந்துவிட்ட பகுதி. க்யூபிட் வந்த பிறகும் அந்த முகம் மாறவில்லை. ஜன்னல் திறந்திருக்க, அவளோ ஒளி வரும் பக்கம் திரும்பியும் வெளியே பார்க்காமல் தாளையே பார்க்கிறாள். இதை முதல் நாளே எழுதியிருக்கலாம்.

பிப்ரவரி 22

இரண்டாவது ஓவியமும் வெர்மீருடையதே: தராசு ஏந்திய பெண், 1664 வாக்கில் வரைந்தது, வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. 1696-ஆம் ஆண்டின் ஏலப் பட்டியல் அவள் பொன்னை நிறுப்பதாகச் சொல்கிறது; பிற்காலத்தவர் முத்து என்றார்கள். நுண்ணோக்கியில் பார்த்தவர்களோ தட்டுகளில் எதுவுமே இல்லை, மின்னுவது ஒளிதான் என்று கண்டறிந்திருக்கிறார்கள். மேசையில் முத்துச் சரங்களும் காசுகளும் கிடக்க, அவள் நிறுப்பது வெறுமையை. பின்சுவரில் உலகத்தின் இறுதித் தீர்ப்பைக் காட்டும் ஓவியம் மாட்டியிருக்கிறது. இவ்வளவும் சேரும்போது பொருள் தானாக வந்து மடியில் விழுகிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

எனவே இந்த முறை தீர்ப்பை விட்டுவிட்டு, தராசு பிடித்த கையின் சுண்டுவிரலைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். மற்ற விரல்கள் மடங்கியிருக்க, அது மட்டும் ஏறக்குறையக் கிடைமட்டமாக நீண்டு, தராசின் தண்டுக்கு இணையாக நிற்கிறது. தட்டுகள் ஆடி ஓய்ந்துவிட்டனவா, இன்னும் ஓயப்போகின்றனவா என்று விரலை வைத்துச் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். ஒரு பக்கம் முடிந்திருக்கிறது. தாளின் மேல் ஓரத்தில், எழுதத் தொடங்கும் முன்பே, படம் அச்சான ஆண்டைக் குறித்துவிட்டேன்.