வெள்ளைக் குழாய் எல்லாம் ஒரே குழாய் இல்லை

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஃபர்னஸைப் பற்றித்தான் விசாரிப்பார்கள்: எந்தக் கொம்பனி, எத்தனை பிடியூ (சூட்டின் அளவு), வாரன்டி எத்தனை வருடம். நானும் விசாரித்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு தொந்தரவும் வரவில்லை. ரொறன்ரோ ஸ்காபரோவில் இருக்கும் எங்கள் செமி (ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டிய) வீட்டின் பழைய ஃபர்னஸில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (காஸ் சூட்டை வீட்டுக் காற்றுக்குக் கொடுக்கும் உலோக அறை) வெடிப்பு விட்டது, பாவிக்கக்கூடாது என்று சிவப்பு டாக் போட்டார்கள், 96 சதவீதத் திறனுள்ள புதியதற்குக் கையெழுத்து வைத்தோம். சரி, முடிந்தது என்றுதான் இருந்தேன். உயிரை வாங்கியது அதிலிருந்து புகை வெளியே போகும் குழாய்.

கனடாவில் 2019 ஜூலைக்குப் பிறகு தயாராகும் வீட்டு காஸ் ஃபர்னஸ் குறைந்தது 95 சதவீதத் திறனோடு இருக்கவேண்டும். அதனால் பழைய மாதிரியே ஒன்றை வாங்கிப் பழைய சிம்னியில் மாட்டிவிடும் வழி இல்லை. இந்தப் புதிய ஃபர்னஸ்கள் புகையிலிருந்து சூட்டை உறிஞ்சி எடுத்துவிடுவதால் அதிலுள்ள நீராவி தண்ணீராகிவிடுகிறது. அந்தத் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளது; பழைய தகரக் குழாயையும் சிம்னியின் காரையையும் அரித்துவிடும். புகைக்குத் தானாக மேலே ஏறும் சூடும் கிடையாது. விசிறி தள்ளவேண்டும். ஆகவே மூட்டுகள் இறுக்கமான பிளாஸ்டிக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது.

வேலைக்கு வந்தவர் எங்கள் ஆள்தான். வான் வண்டியிலிருந்து இறக்கியதோ கடையில் கிடைக்கும் சாதாரண வடிகால் குழாய். வெட்டிய முனையைப் பார்த்தேன். பாண் துண்டு மாதிரி நடுவில் நுரை நுரையாக இருந்தது. ஃபர்னஸோடு வரும் இன்ஸ்டலேஷன் புத்தகத்தை நான் முன்கூட்டியே படித்திருந்தேன். கனடாவுக்கான பக்கத்தில் யூஎல்சி எஸ்636 (காஸ் புகைக்குழாய்களுக்கான கனடாத் தரம்) சான்றுள்ள குழாய் மட்டுமே என்று தெளிவாக இருந்தது. நுரைக்குழாய் கூடவே கூடாது என்றும் இருந்தது. கேட்டால், “அண்ணை, பிவிசி எண்டா எல்லாம் ஒண்டுதான், யூடியூப்பிலயும் இதைத்தான் போடுறாங்கள்” என்றார்.

யூடியூப்பில் போடுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காக்காரர்கள். அங்கே ஃபர்னஸ் தயாரிப்பாளரின் புத்தகம் அனுமதித்தால் ஷெட்யூல் 40 என்ற சாதாரண பிவிசி குழாய் செல்லும். இங்கே பி149.1 என்ற காஸ் பொருத்தல் விதி, எஸ்636 முத்திரை கேட்கிறது. இதற்காக வீடியோ பார்க்கிறவர்கள் முதலில் அது எந்த நாடு என்று பாருங்கள். பிளாஸ்டிக் எல்லாம் ஒன்றுதான் என்ற பேச்சுக்கு அமெரிக்காவே ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறது. சாம்பல், கறுப்பு நிறங்களில் பிளெக்ஸ்வென்ட், அல்ட்ராவென்ட் என்று வந்த குழாய்கள் வெடிப்பு விட்டுக் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு கசியும் ஆபத்து வந்ததால், 1998இல் சுமார் 2,50,000 ஃபர்னஸ், பாய்லர்களுக்குக் குழாய் மாற்றும் திட்டம் அறிவித்தார்கள். பழைய வீடு வாங்குகிறவர்கள் அந்தப் பெயர்களை ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

முணுமுணுத்துக்கொண்டே போய் எஸ்636 குழாய் கொண்டுவந்தார். அதோடு விட்டதா? நான் வேலை முடிந்து வந்து பார்க்கும்போது எல்லாம் ஒட்டி முடிந்திருந்தது. குழாய் ஒரு கொம்பனி, எல்போ (வளைவுத் துண்டு) இன்னொரு கொம்பனி. தரையில் கிடந்த பசை டப்பா, குளியலறைக் குழாய்க்குப் பூசுவது. எஸ்636 சான்று தனிக் குழாய்க்கு மட்டும் கிடைப்பதில்லை. குழாய், எல்போ, ப்ரைமர் (பசைக்கு முன் பூசுவது), பசை எல்லாம் ஒரே தயாரிப்பாளருடைய ஒரே தொகுதியாக இருக்கவேண்டும். ஒட்டிய பிவிசி மூட்டைக் கழற்றவும் முடியாது, வெட்டி எறியவேண்டியதுதான். எங்கள் பேஸ்மென்டில் வாடகைக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. ஃபர்னஸ் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் படுக்கிறார்கள். “ஒண்டும் நடக்காது அண்ணை” என்ற உத்தரவாதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மறுபடி செய்ய மேலதிகக் காசு கேட்டார். வாக்குவாதம் சூடேறியது. கடைசியில், டிஎஸ்எஸ்ஏவைக் கூப்பிட்டுக் கேட்கிறேன் என்று சொன்னேன். ஒன்ராறியோவில் காஸ் வேலை செய்யும் கொம்பனிகளைப் பதிவுசெய்வது அவர்கள்தான். குரல் உடனே இறங்கிவிட்டது. அடுத்த நாள் வேறொரு மூத்த டெக்னீஷியன் வந்தார். மனுசன் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் வெட்டிப் பெட்டியில் போட்டார். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அவர் பார்த்துச் சொன்ன இன்னொன்று: முதல் ஆள் குழாயைப் பக்கச் சுவர் வழியாக டிரைவ்வேக்கு மேலே விட்டிருந்தார். அது எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான டிரைவ்வே. இரண்டு வீடுகளுக்கு நடுவில், இரண்டுக்கும் பயன்படும் தார் போட்ட வழிக்கு நேர் மேலே வென்ட் (புகைக்குழாய்) முடியக்கூடாது என்பது விதி. வடியும் தண்ணீர் உறைந்தால் யாராவது வழுக்கி விழுவார்கள் என்பதை நினைத்தாலே காரணம் விளங்கும். ஆகவே பின்சுவருக்குக் கொண்டுபோனோம். தூரம் கூடியதால், புத்தகத்தில் உள்ள அட்டவணைப்படி 2 அங்குலக் குழாய் போதவில்லை, 3 அங்குலம் ஆயிற்று. ஒவ்வொரு எல்போவும் பல அடி நேர்க்குழாய்க்குச் சமம் என்று கணக்கில் சேரும், எனவே வளைவுகள் குறைந்தால் நல்லது. தண்ணீர் திரும்பி ஃபர்னஸ் பக்கம் வடிய அடிக்கு கால் அங்குலம் சரிவு. ஃபர்னஸிலிருந்து முதல் 3 அடி கண்ணுக்குத் தெரியும்படி திறந்திருக்கவேண்டும். அழகுக்காக ட்ரைவால் (சுவர்ப் பலகை) போட்டு மூடிவிடாதீர்கள். வெளி முனை பனி குவியும் மட்டத்துக்கு மேலே குறைந்தது 12 அங்குலம். நாங்கள் அதைவிட உயர்த்தியே வைத்தோம்.

பிவிசியே வேண்டாம், பொலிப்ரோப்பிலீன் என்ற வேறு பிளாஸ்டிக் போடலாமா என்றும் கேட்டேன். பசை இல்லை, ரப்பர் வளையத்தோடு செருகிப் பூட்டுவது. எனக்கு ஆசைதான், ஆனால் எங்கள் ஃபர்னஸ் புத்தகத்தின் பட்டியலில் அது இல்லை. பட்டியலில் இல்லாததைப் போடக்கூடாது. பாய்லர் அல்லது டாங்க்லெஸ் (தொட்டி இல்லாத வாட்டர் ஹீட்டர்) வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் ஆசை விஷயம் இல்லை. எஸ்636இல் பிவிசி தாங்குவது 65 டிகிரி செல்சியஸ், சிபிவிசி (சூடு கூடத் தாங்கும் பிவிசி வகை) 90, பொலிப்ரோப்பிலீன் 110. ரேடியேட்டருக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் அனுப்பும் பாய்லரின் புகை 65ஐத் தாண்டலாம். குழாயிலேயே வகுப்பும் வெப்பநிலையும் அச்சிட்டிருக்கும், டார்ச் அடித்துப் படித்துவிடுங்கள்.

எல்லாம் சரி என்று மூச்சுவிடும்போதுதான் வாட்டர் ஹீட்டர் ஞாபகம் வந்தது. இதுவரை ஃபர்னஸோடு சேர்ந்து சிம்னியைச் சூடாக வைத்திருந்தது, இனிமேல் தனியாள். அந்தச் சின்னப் புகைக்கு அவ்வளவு பெரிய சிம்னி ஆகாது. குளிர்ந்து உள்ளேயே தண்ணீராகும், சிலவேளை புகை வீட்டுக்குள்ளே திரும்பும். சிம்னிக்குள் உலோக லைனர் (சிறிய உட்குழாய்) இறக்கவேண்டும். முதல் கொட்டேஷனில் இதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நீங்கள் கொட்டேஷன் வாங்கும்போதே லைனர் உண்டா இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள், கூடவே ‘எஸ்636, ஒரே தயாரிப்பாளர், இத்தனை அங்குலம்’ என்றும் எழுதச் சொல்லுங்கள். லைனர் இறங்கும்வரை கடைசித் தவணையை நான் கொடுக்கவில்லை.

இறுதி பில்லில் ‘வென்ட் அப்கிரேட்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். விதிப்படி முதலிலேயே போட்டிருக்க வேண்டியதற்கு என்ன அப்கிரேட்? அதை நீக்கச் சொன்னேன், இரண்டு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு நீக்கினார்கள். லைனருக்கு மட்டும் முழுதாகக் கட்டினேன்.