எலி ஸ்டெம் செல் கெடுவதற்கு லிஃப் மட்டும் காரணமில்லை

எலிக் கருவின் ஸ்டெம் செல் காலனிகள் தட்டையாகிப் பரவ ஆரம்பித்தால், அதாவது ஸ்டெம் நிலையை இழந்து வேறு செல்களாக மாற ஆரம்பித்தால், முதல் பழி அந்த நிலையைக் காக்க வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் லிஃப் என்ற புரதத்தின் மேல்தான் விழும். சில சமயம் அது நியாயம்தான். பல சமயம் ஆட்டத்தைக் கலைப்பது எர்க் என்ற, செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் நொதி.

லிஃப் செய்வது இவ்வளவுதான். செல் பரப்பிலுள்ள லிஃப் ஏற்பியும் அதன் துணை ஏற்பி ஜிபி130-உம் ஜோடி சேர்ந்ததும், அவற்றோடு ஒட்டியிருக்கும் ஜாக் நொதி ஸ்டாட்3 புரதத்தின் 705-ஆவது டைரோசினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. ஸ்டாட்3 இரட்டையாகி உட்கருவுக்குள் போய் கேஎல்எஃப்4 போன்ற மரபணுக்களைத் தூண்டுகிறது. கூடவே சாக்ஸ்3-ஐயும் தூண்டுகிறது. (எழுத்துக்கூட்டில் எஸ்ஓசிஎஸ்3, கீழே வரும் எஸ்ஓஎக்ஸ்2 வேறு.) இந்த சாக்ஸ்3 ஜாக்கையே அடக்கிவிடும். அதனால் பாஸ்பேட் ஏறிய ஸ்டாட்3 (பாஸ்போ-ஸ்டாட்3) சீக்கிரம் ஏறி, சீக்கிரம் இறங்கும். ஊடகம் மாற்றிய மறுநாள் எடுத்த மாதிரியில், புரதத்தைப் பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் அதன் பட்டை மங்கலாக இருந்தால் லிஃப் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். சில மணி நேரம் லிஃப் இல்லாமல் வைத்து, மறுபடி 1000 யூனிட்/மிலி சேர்த்து, 15 முதல் 30 நிமிடத்துக்குள் செல்களை உடையுங்கள். உடைப்புக் கரைசலில், பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்பட்டேஸ் நொதிக்குத் தடுப்பான் இல்லையென்றால் அந்தப் பட்டையும் கிடைக்காது.

இனி எர்க். மரபணுக்களை இயக்கும் காரணிகளான ஆக்ட்4-உம் எஸ்ஓஎக்ஸ்2-உம் சேர்ந்து எஃப்ஜிஎஃப்4 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணுவை இயக்குகின்றன. செல் அதைச் சுரந்து தன் ஏற்பியிலேயே வாங்கிக்கொள்கிறது. ஸ்டெம் நிலையைக் காக்கும் காரணிகளே அதைக் கலைக்கும் சமிக்ஞையையும் கிளப்புகின்றன என்பதுதான் இதில் வேடிக்கை. அந்த ஏற்பியிலிருந்து ராஸ், மெக் என்ற புரதங்கள் வழியாக எர்க் விழித்ததும், ஸ்டெம் நிலையைக் காக்கும் இன்னொரு காரணியான நானாக் குறைகிறது. சீரம்-லிஃப் ஊடகத்தில் ஒரே காலனிக்குள் நானாக் அதிகமுள்ள செல்லும் அறவே இல்லாத செல்லும் அடுத்தடுத்து இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2008-இல் வந்த 2ஐ (இரண்டு தடுப்பான்) ஊடகம் இந்த இடத்தில்தான் கைவைக்கிறது: மெக்கைத் தடுக்க பிடி0325901 1 மைக்ரோமோலார், ஜிஎஸ்கே3 நொதியைத் தடுக்க சிஎச்ஐஆர்99021 3 மைக்ரோமோலார். ஜிஎஸ்கே3 அடங்கினால் பீட்டா-கேட்டனின் புரதம் சேர்கிறது. அது டிசிஎஃப்3 என்ற அடக்கும் புரதம் போட்டிருந்த தடையை விலக்க, ஸ்டெம் நிலையைக் காக்கும் எஸ்ரர்பி எழும்புகிறது. இரண்டுக்கும் 10 மில்லிமோலார் இருப்புக் கரைசல் இருந்தால், 100 மிலி சீரமற்ற ஊடகத்துக்கு முறையே 10-உம் 30-உம் மைக்ரோலிட்டர். குளிர்ந்த ஊடகத்தில் சொட்டினால் வீழ்படிவாகலாம். வெதுவெதுப்பாக்கி, கலக்கிக்கொண்டே சேருங்கள். 2ஐ-யில் காலனிகள் குவிமாடமாக உருண்டு, தட்டில் லேசாகத்தான் ஒட்டியிருக்கும். பிப்பெட்டை நேராக அவற்றின் மேல் அடித்தால் பாதி வெளியே போய்விடும், சுவரோரமாக விடுங்கள்.

ஆனால் மெக்கை முழுமூச்சாக அடக்கியே வளர்ப்பதும் நல்லதில்லை. பல தலைமுறைகளில் டிஎன்ஏ மெத்திலேற்றம் சரிந்து, மரபுப்பதிவுத் தடங்கள் (தாயிடமிருந்து வந்த பிரதியா, தந்தையிடமிருந்து வந்ததா எது இயங்க வேண்டும் என்று குறிப்பவை) அழிகின்றன. சீரத்துக்குத் திருப்பினாலும் அவை மீள்வதில்லை. நிறப்புரிப் பிறழ்வுகளும் கூடுகின்றன. பிடி0325901-இன் அளவைக் குறைத்தால் இந்தச் சேதம் மட்டுப்படும். நீண்ட நாள் வளர்ப்பென்றால் 1 மைக்ரோமோலாரை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், இடையிடையே நிறப்புரிகளைச் சோதித்துக்கொள்வதே என் பரிந்துரை.

காரணிகளிலும் அளவுதான் தீர்மானிக்கிறது. ஆக்ட்4 வழக்கமான அளவில் பாதிக்குக் கீழே இறங்கினால், செல் நஞ்சுக்கொடிக்கு வழிவிடும் வெளியடுக்கான டிரோஃபெக்டோடெர்மாக மாறும். ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஆதி எண்டோடெர்ம், மீசோடெர்ம் என்ற கரு அடுக்குகளாக.

இந்தச் செய்முறையை வழக்கமான மனித ஸ்டெம் செல்லுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக்கூடாது. அங்கே எஃப்ஜிஎஃப்2, ஆக்டிவின் என்ற இரண்டு வளர்ச்சிக் காரணிகள் வேண்டும். ஆக்டிவின் தூண்டும் ஸ்மாட்2/3 புரதங்கள் நேரடியாக நானாக்கை இயக்குகின்றன. லிஃப் அங்கே ஸ்டெம் நிலையைத் தாங்கிப் பிடிக்காது. எலியில் லிஃப்போடு சேர்ந்து ஐடி என்ற மரபணுக்கள் வழியே கைகொடுக்கும் பிஎம்பி4 புரதம், மனித செல்லை டிரோஃபோபிளாஸ்ட் (நஞ்சுக்கொடிச் செல்) போன்ற திசைக்குத் தள்ளிவிடும். போதாததற்கு, சாதாரண எஃப்ஜிஎஃப்2 37 டிகிரியில் ஒரே நாளில் பெருமளவு வீரியம் இழந்துவிடும். ஓரங்களில் செல்கள் மாறத் தொடங்கினால், ஊடகம் தினமும் மாற்றப்பட்டதா என்று முதலில் பாருங்கள். அதற்கு ஆளில்லை என்றால், வெப்பம் தாங்கும் எஃப்ஜிஎஃப்2 வகைக்கு மாறுங்கள்.