தபால் செலவுல லாபம் பார்க்காதீங்க

ஆன்லைன் ஏலத்துல பழைய ஸ்டாம்ப், நாணயம், கேமரா விக்கிற நம்ம சென்னை ஆளுங்களுக்கு ஒண்ணு சொல்லணும், பொருளை சல்லிசா ஏலத்துக்கு விட்டுட்டு போஸ்டேஜ்ல ஏத்தி வாங்குறது ரொம்ப தப்புங்க. ஒரு காலத்துல ஈபேல கமிஷன் பொருள் விலைக்கு மட்டும்தான், அதனால நிறைய பேர் அப்படி பண்ணாங்க, 2011ல அமெரிக்காவுல போஸ்டேஜையும் சேத்து கமிஷன் போட ஆரம்பிச்சதும் அந்த வழி அடைபட்டுச்சு.

அதுக்காக போஸ்டேஜ் காசு மட்டும் வாங்குங்கன்னு சொல்லல. அட்டைப்பெட்டி, பபுள் ராப், டேப்புக்கெல்லாம் காசு ஆகுது, அதை தாராளமா கேளுங்க, ஆனா லிஸ்டிங்லயே முன்னாடியே போட்டுடுங்க. பேக் பண்ணி எடை போட்டுட்டு விலை சொல்லுங்க. கூரியர்ல பெட்டி சைஸையும் பார்ப்பாங்க, நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி பெரும்பாலும் 5000ஆல வகுப்பாங்க, வர்றதை கிலோ எடையா வெச்சுப்பாங்க, அது நிஜ எடையை விட அதிகமா இருந்தா அதுக்குத்தான் காசு, லேசான பொருளுக்கு பெரிய பெட்டி போட்டா செலவு எகிறிடும். 2025ல ரெஜிஸ்டர்ட் போஸ்ட்டையும் ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதனால பழைய ரேட்டை நம்பாதீங்க. ஒரே ஆள் நாலு பொருள் ஜெயிச்சா ஒரே பார்சலா அனுப்பி ஒரு போஸ்டேஜ் மட்டும் வாங்குங்க, நாலு தடவை வாங்குறது அநியாயம்.